ஒரு படி தவிடு

கல்யாணத்துக்குப் பதினோரு நாள் இருக்கும்போது, பெண்ணும் மாப்பிள்ளையும் ஒரே கிழவியின் வம்சம் என்று தனுஷ்கோடிக்கு அரசாங்கத்திலிருந்து குறுஞ்செய்தி வந்தது. பத்திரிகை அடித்தாகிவிட்டது. மண்டபம் பிடித்தாகிவிட்டது. சமையல்காரர் வந்து அடுப்பு எங்கே போடலாம் என்று பார்த்துவிட்டுக்கூடப் போய்விட்டார். செய்தியின் கடைசியில், இந்தத் தகவல் தங்களுக்குப் பயனுள்ளதாக இருந்ததா என்று கேட்டு, நட்சத்திரம் போட இடம் விட்டிருந்தார்கள்.

நாலு தலைமுறைச் சட்டம் வந்து அப்போது ஆறு வருஷம் ஆகியிருந்தது. நெருங்கிய சொந்தத்தில் கட்டிக்கொண்டு நோயோடு பிள்ளை பெறுகிறார்கள் என்று சுகாதாரத் துறை கவலைப்பட்டதில் பிறந்த சட்டம் அது. மாநிலத்தில் கறையான் மிச்சம் வைத்த பழைய பிறப்பு இறப்புப் பதிவேடுகள் அத்தனையையும் ஒரு இயந்திரம் படித்து முடித்து, யாருக்கு யார் என்ன உறவு என்று ஒரே மரமாக வரைந்து வைத்திருந்தது. மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் நாலு தலைமுறைக்குள் பொதுவாக ஒரு முன்னோர் இருந்தால் கல்யாணம் பதிவாகாது. பதிவாகாத கல்யாணத்தில் பிறக்கும் பிள்ளைக்கு எண் கிடையாது. எண் இல்லாத பிள்ளைக்குப் பால்வாடி தொடங்கிச் சுடுகாடு வரை எங்கும் இடம் கிடையாது. இயந்திரத்துக்கு அரசாங்கம் ஏதோ அழகான பெயர் வைத்திருந்தது. ஜனங்கள் அதைச் சித்திரகுப்தன் என்று கூப்பிட்டார்கள்.

மகள் ஆதிரை அழுது ஆர்ப்பாட்டம் பண்ணவில்லை. அப்பா, நீங்க போய்ப் பேசிட்டு வாங்க என்று மட்டும் சொன்னாள். எந்த ஆபீசாக இருந்தாலும் அப்பா போனால் காரியம் முடியும் என்று சின்ன வயதிலிருந்து நம்புகிறவள். மின்வாரியத்தில் முப்பத்து நாலு வருஷம் வீடு வீடாக மீட்டர் ரீடிங் எடுத்து ஓய்வுபெற்ற தனுஷ்கோடிக்கு எந்த ஆபீசிலும் எந்தச் செல்வாக்கும் கிடையாது. இருந்தாலும் அந்த நம்பிக்கையை இதுவரை அவர் கெடுத்ததில்லை, இப்போது கெடுப்பதாகவும் இல்லை.

நெட்டூரணி வட்ட ஆவணக் காப்பகத்துக்கு அவர் காலை பத்து மணிக்குப் போனபோது, மாப்பிள்ளையின் அம்மா பேச்சியம்மாள் ஏற்கெனவே டோக்கன் வாங்கி உட்கார்ந்திருந்தாள். அவருக்கு அது பிடிக்கவில்லை. பொதுவாகவே அவருக்கு அந்த அம்மாளைப் பிடிக்காது. அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வுபெற்றவள். பேச்சு குறைவு, பிடிவாதம் அதிகம். ஆதிரையைத் தன் மகன் கவினுக்குக் கேட்டு முதல் தடவை வந்தபோது ஜாதகம் சரியில்லை என்று சொல்லி அனுப்பினார். இரண்டாம் தடவை வந்தபோது பெண் மேலே படிக்கப் போகிறாள் என்றார். மூன்றாம் தடவை வந்து, படித்து முடித்துவிட்டாளா என்று கேட்டாள். அதற்குள் பையனும் பெண்ணும் தங்களுக்குள் பேசி முடித்துவிட்டதால் அவரிடம் சொல்லக் காரணம் எதுவும் மிச்சமில்லை. வீட்டுக்காரருக்கு முழங்கால் வலி, அதனால் தானே வந்ததாகப் பேச்சியம்மாள் சொன்னாள். அதற்குமேல் இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை.

பதினொன்றேகாலுக்குக் கூப்பிட்டார்கள். யாழினி என்ற அந்தப் பதிவு எழுத்தர் பெண் முப்பத்தைந்து வயதிருப்பாள். மேஜைமேல் ஒரு திரை, ஒரு ஒலிவாங்கி, ஒரு துளசிச் செடி. அவள் திரையைத் திருப்பிக் காட்டினாள். சித்திரகுப்தன் ஒரு மரம் வரைந்திருந்தான். உச்சியில் கீழ்ச்சாலூர் வெள்ளையம்மாள். ஒரு கிளையில் அவள் மகள் மூக்காயி, அவள் மகள், அவள் மகள் பேச்சியம்மாள், அவள் மகன் கவின். இன்னொரு கிளையில் மகன் தவிட்டான், அவர் மகன், அவர் மகன் தனுஷ்கோடி, அவர் மகள் ஆதிரை.

தனுஷ்கோடி சிரித்துவிட்டார். தவிட்டான் அவருடைய சொந்தத் தாத்தா. தாத்தாவைப் பெற்றவள் பெயர் இருளாயி. பிள்ளை தங்காத வீட்டில், பிறந்த குழந்தையை முறத்தில் வைத்துக் குப்பைமேட்டில் போடுவார்கள், வேறொருத்தி வந்து எடுத்துக்கொள்வாள், பெற்றவள் போய் ஒரு படி தவிடு கொடுத்து அதைத் திரும்ப வாங்குவாள் என்று அந்தப் பெண்ணுக்கு விளக்கினார். தவிட்டுக்கு வாங்கிய பண்டம், நமக்கு எதுக்கு என்று எமன் விட்டுவிட்டுப் போய்விடுவான். இருளாயிக்கு முதல் மூன்றும் தங்கவில்லை. நாலாவது பிறந்ததும் பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி குப்பையிலிருந்து எடுத்து விற்றாள், இவள் வாங்கினாள், அந்தப் பிள்ளைதான் தவிட்டான், எண்பத்தொரு வயது வரை கல்லுக்குண்டாக இருந்தார். இந்தக் கதை சொல்லாமல் தனுஷ்கோடி வீட்டில் ஒரு விசேஷமும் முடிந்ததில்லை.

யாழினி கதையை முழுக்கக் கேட்டாள். பிறகு, கதை சரி, ஆனால் அந்தக் காலத்துக் கிராம முன்சீப்பு ஒருவர் அதை எழுதியல்லவா வைத்துவிட்டார் என்றாள். 1935-ஆம் வருஷத்துப் பிறப்புப் பதிவேட்டில், இருளாயிக்கு நவம்பர் மூன்றாம் தேதி ஆண் குழந்தை என்று எழுதிய வரிக்கு நேராக, குறிப்புப் பத்தியில், மேற்படியார் பத்தாம் தேதி வெள்ளையம்மாளிடமிருந்து ஒரு படி தவிட்டுக்கு ஓர் ஆண் குழந்தை வாங்கினார் என்று இருந்தது. வாங்கினார் என்றால் விற்றவருடைய குழந்தை என்பதுதான் இயந்திரத்துக்குப் புரியும். சித்திரகுப்தனுக்கு எமனை ஏமாற்றும் வழக்கமெல்லாம் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

"ரத்தத்தை எடுத்துப் பாத்துக்க வேண்டியதுதானம்மா" என்றார் தனுஷ்கோடி.

"ரத்தம் தனிமனுஷ ரகசியம் சார். அதைக் கேக்கக் கூடாதுன்னு கோர்ட்டுல சொல்லிட்டாங்க. காகிதம்தான் அரசாங்கத்துது."

பேச்சியம்மாள் அப்போதுதான் வாயைத் திறந்தாள். எங்க பாட்டியோட அம்மா பிள்ளையை வித்தவன்னு இதுல எழுதியிருக்கு, அதை எடுக்க முடியுமா முடியாதா என்று கேட்டாள். அவள் குரலில் கோபம் இருந்ததா என்று தனுஷ்கோடிக்குப் பிடிபடவில்லை. ஊசி போடுவதற்கு முன்னால் நர்ஸுகள் பேசுகிற குரல் அது.

எடுக்கலாம், எதிர்ச்சான்று வேண்டும் என்றாள் யாழினி. அதே வருஷத்து இறப்புப் பதிவேட்டை இயந்திரம் இன்னும் படிக்கவில்லை. வெள்ளத்தில் நனைந்து பக்கங்கள் ஒட்டிக்கொண்ட ஒரு கட்டுக்குள் அது கிடக்கிறது. வேண்டுமானால் எழுதிக் கொடுங்கள், எடுத்து வருகிறேன் என்றாள். எழுதிக் கொடுத்தார்கள். மதியச் சாப்பாடு முடிந்து, கையுறை மாட்டிக்கொண்டு, ஒரு துணி மூட்டையை அவள் கைக்குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கி வந்தாள். மெல்லிய தகட்டை விட்டு ஒவ்வொரு தாளாகப் பிரித்தாள். நவம்பர் மாதத்துக்கு வர ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. தனுஷ்கோடி அவ்வளவு நேரமும் பக்கத்தில் நின்றுகொண்டே இருந்தார்.

வந்தது. ஒன்பதாம் தேதி, ஆண் குழந்தை, தாய் வெள்ளையம்மாள், காய்ச்சல், தகவல் கொடுத்தவர் வெள்ளையம்மாள், நேரில்.

யாழினிக்கே முகம் மலர்ந்துவிட்டது. பிறப்பேட்டின்படி வெள்ளையம்மாளுக்கும் அந்த வாரம் ஐந்தாம் தேதி ஒரு ஆண் குழந்தை பிறந்திருக்கிறது. அது ஒன்பதாம் தேதியே இறந்துபோயிற்று. ஆகவே பத்தாம் தேதி இருளாயி வாங்கியது வெள்ளையம்மாளின் குழந்தையாக இருக்க முடியாது. தன் குழந்தையைத்தான் திரும்ப வாங்கியிருக்கிறாள். வழக்கம் என்று நீங்கள் சொன்னது சரிதான் சார், கல்யாணத்தை நடத்துங்கள் என்று சொல்லிவிட்டு, படம் எடுக்கும் கருவியைக் கொண்டுவர உள்ளே போனாள்.

தனுஷ்கோடி நிம்மதியாக அந்த வரியை இன்னொரு தரம் படித்தார். முப்பத்து நாலு வருஷம் போன மாத ரீடிங்கை இந்த மாத ரீடிங்கிலிருந்து கழித்தவர். இரண்டு எண்ணைப் பார்த்தால் கழிக்காமல் இருக்க முடியாது. வயது என்ற பத்தியில் ஆறு நாள் என்று இருந்தது. ஐந்தாம் தேதி பிறந்த குழந்தைக்கு ஒன்பதாம் தேதி எப்படி ஆறு நாள் ஆகும்? நாலு நாள்தானே ஆகும். ஆறு நாள் ஆக வேண்டுமானால் அது மூன்றாம் தேதி பிறந்திருக்க வேண்டும். மூன்றாம் தேதி பிறந்தது இருளாயியின் குழந்தை.

அவர் தாயின் பெயரைப் பார்த்தார். வெள்ளையம்மாள் என்ற பெயர் வரிக்குச் சற்று மேலே நெருக்கி எழுதப்பட்டிருந்தது. அதற்குக் கீழே ஒரு பெயர் எழுதி அடிக்கப்பட்டிருந்தது. மை பரவியிருந்தாலும் படிக்க முடிந்தது. இருளாயி.

கொஞ்ச நேரம் அவருக்கு ஒன்றும் ஓடவில்லை. பிறகு எல்லாம் சேர்ந்து ஓடியது. நாலாவதும் செத்துப்போயிருக்கிறது. முன்சீப்பு இருளாயி என்றுதான் முதலில் எழுதியிருக்கிறார். பிறகு வெள்ளையம்மாள் நேரில் வந்து, செத்தது என் பிள்ளை என்று சொல்லியிருக்கிறாள். பிரசவமாகி நாலு நாள் ஆனவள், முலையில் பால் கட்டிக்கொண்டு நின்று சொல்லியிருக்கிறாள். மறுநாள் தன் உயிருள்ள பிள்ளையை முறத்தில் வைத்துக் குப்பைமேட்டில் விட்டிருக்கிறாள். வழக்கம்தானே என்று ஊர் பார்த்துக்கொண்டு இருந்திருக்கும். முன்சீப்புக்கு மட்டும் மனசு கேட்கவில்லை. பெயரைத் திருத்தியவர் வயதைத் திருத்தவில்லை, குறிப்புப் பத்தியில் நடந்ததை நடந்தபடி எழுதிவிட்டார். நூற்றுப் பதின்மூன்று வருஷமாக ஒருவரும் அதைப் படிக்கவில்லை.

ஆக, சித்திரகுப்தன் வரைந்த மரம் சரி. விசேஷத்துக்கு விசேஷம் சிரித்துச் சிரித்துச் சொன்ன கதையில் பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி என்று ஒரே வார்த்தையில் தாண்டிப் போனவள் அவரைப் பெற்ற வம்சத்தின் தாய். அவளுக்குப் பெயர் இருந்தது என்பதே இந்த வாரம்தான் அவருக்குத் தெரியும்.

பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. குழாயில் தண்ணீர் பிடிக்கப் போயிருந்த பேச்சியம்மாள் வந்துகொண்டிருந்தாள். தனுஷ்கோடி யோசிக்காமல் அந்த வரியின்மேல் உள்ளங்கையை வைத்து மூடினார். அவள் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு பக்கத்தில் வந்து பார்த்தாள். அவர் கையைப் பார்த்தாள். பிறகு ஜன்னலைப் பார்த்தாள். அந்த நேரம் கருவியோடு வந்த யாழினி, கையை எடுங்க சார், வேர்வை பட்டால் தாள் கெட்டுப்போகும் என்றாள். எடுத்தார்.

"அம்மா, அதுல ஏதோ அடிச்சுத் திருத்தியிருக்கே" என்று ஒன்றும் தெரியாதவர்போல் கேட்டார்.

"அடிச்ச எழுத்து கணக்குல வராது சார். விதி பதினாலு. அடிச்சதையெல்லாம் படிச்சா மாநிலத்துல ஒருத்தருக்கும் கல்யாணம் ஆகாது."

கருவி ஒரு தரம் மின்னியது. திரையில் வரிகள் வந்தன. இறப்புப் பதிவு சேர்க்கப்பட்டது. வயதில் இரண்டு நாள் வேறுபாடு, ஏற்கத்தக்கது. ஓர் அடித்தல், கருதப்படவில்லை. தவிட்டானின் கிளை வெள்ளையம்மாளின் பெயரிலிருந்து கழன்று, திரையில் அந்தரத்தில் சற்று நின்று, இருளாயியின் பெயரில் போய் ஒட்டிக்கொண்டது. வெள்ளையம்மாளின் கீழே ஒரு சிறு கோடு முளைத்து, இறந்த ஆண் குழந்தை, நாலு நாள் என்று காட்டியது. முன்சீப்புக்கு மனசு வராததைச் சித்திரகுப்தன் தானாகவே செய்து முடித்துவிட்டான்.

இனி இரண்டு வீட்டாரும் வாய்மொழியாக உறுதி சொல்ல வேண்டும், அவ்வளவுதான் என்றாள் யாழினி. திரையில் வருவதை ஒலிவாங்கியில் படித்தால் போதும். குரல் உண்மையாக இருக்கிறதா என்று இயந்திரமே பார்த்துக்கொள்ளும். தயங்கினால் ஏற்காது. மூன்று தரம் ஏற்காவிட்டால் விவகாரம் தலைநகரத்துக்குப் போய்விடும், வர எட்டு மாதம் ஆகும்.

தனுஷ்கோடி காத்திருந்த நேரத்தில் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். தாத்தாவும் மூக்காயியும் கூடப்பிறந்தவர்கள் என்றால், அவர் அப்பாவும் பேச்சியம்மாளின் அம்மாவும் மச்சான் கொழுந்தி முறை. அப்படியானால் அவரும் பேச்சியம்மாளும் உடன்பிறந்தவர்கள் மாதிரி. கவின் தங்கச்சி மகன். ஊர் வழக்கப்படி இதைவிடப் பொருத்தமான மாப்பிள்ளை கிடைக்க மாட்டான். சட்டப்படி இதைவிடத் தப்பான மாப்பிள்ளையும் கிடைக்க மாட்டான். இரண்டு தடவை வாசல்வரை வந்தவளை உட்காரச் சொல்லாமல் அனுப்பியது அவருக்கு ஞாபகம் வந்து வெட்கமாக இருந்தது.

அவருக்கான வாசகம் வந்தது. கீழ்ச்சாலூர் வெள்ளையம்மாள் என்பவருக்கும் எனக்கும் எந்த உறவும் இல்லை, அவர் என் முன்னோருக்குக் குழந்தை எதையும் கொடுத்ததில்லை. காலையில் கேட்டிருந்தால் தெருவுக்கே கேட்கும்படி கத்தியிருப்பார். இப்போது பாதியில் குரல் கம்மியது. தயக்கம் உள்ளது, மீண்டும் சொல்லவும் என்றது இயந்திரம். தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி படித்தார். வெள்ளையம்மாள் என்ற பெயரில் வந்ததும் நாக்கு நின்றுவிட்டது. தயக்கம் உள்ளது, இது தங்களுடைய கடைசி வாய்ப்பு என்று அது அறிவித்தது. சாருக்குச் சளி என்று யாழினி இயந்திரத்திடம் சொல்லிப் பார்த்தாள்.

ஆதிரை வீட்டில் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார். அவர் பார்த்தே இராத ஒருத்தி, அவர் பார்த்தே இராத ஒரு முன்சீப்பின் முன்னால் நின்று, செத்தது என் பிள்ளை என்று சொன்னதை நினைத்தார். அவள் தயங்கியிருந்தால் முன்சீப்பு எழுதியிருக்க மாட்டார். அவள் எந்தக் குரலில் சொல்லியிருப்பாளோ அந்தக் குரலில் தனுஷ்கோடி அவளைத் தனக்கு யாருமில்லை என்று சொன்னார். ஏற்கப்பட்டது என்று திரையில் வந்தது. அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கண்ணில் வந்ததையும் சேர்த்துத்தான் துடைத்தார்.

பேச்சியம்மாளுக்கு வந்த வாசகம், வெள்ளையம்மாள் எந்தக் குழந்தையையும் யாருக்கும் கொடுத்ததில்லை என்பது. அவள் ஒலிவாங்கிக்குக் குனிந்து, காய்ச்சல் அளவு சொல்வதுபோல் ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். முதல் தரமே ஏற்கப்பட்டது. அதைப் பார்த்து, நல்லவேளை, இந்த அம்மாள் எதையும் கவனிக்கவில்லை என்று தனுஷ்கோடி நிம்மதி அடைந்தார். சான்றிதழை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். மகளுக்குப் போன் போட்டு, முடிஞ்சிருச்சு என்றார். அவள் அழுகிற சத்தம் கேட்டது.

வெளியே டீக்கடை பெஞ்சில் பஸ்ஸுக்காக உட்கார்ந்தார்கள். அவராக இரண்டு டீ சொன்னார். ஒருவேளை பிற்பாடு தெரிந்து இவள் மனசு கஷ்டப்படக் கூடாதே என்று, சட்டம் எல்லாம் சும்மா பயமுறுத்தல்தானே, நாலு தலைமுறை தள்ளிக் கட்டினால் பிள்ளைகளுக்கு நிஜமாகவே ஏதாவது வருமா என்று பொதுவாகக் கேட்பதுபோல் கேட்டார்.

"முப்பது வருஷம் பிரசவ வார்டுல இருந்திருக்கேன். வராது" என்றாள் பேச்சியம்மாள். "கைய வச்சு மறைச்சீங்களே, எனக்கு அதைப் பாக்கணும்னு இல்ல. முறத்தைத் தூக்கிட்டுப் போனது எங்க ஆச்சி மூக்காயிதான். அப்ப அவளுக்கு எட்டு வயசு."

தனுஷ்கோடி டீ கிளாசைக் கீழே வைத்தார்.

குடுத்த பிள்ளையை எந்தக் காலத்திலும் திருப்பிக் கேட்கக் கூடாது, உறவு சொல்லிக்கொண்டு அந்த வாசலில் போய் நிற்கக் கூடாது என்று வெள்ளையம்மாள் அன்றைக்கு மகளிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள். மூக்காயி தன் மகளிடம் வாங்கினாள். அவள் பேச்சியம்மாளிடம் வாங்கினாள். தவிட்டான் தாத்தா இறந்தபோது பேச்சியம்மாளும் அவள் அம்மாவும் கீழ்ச்சாலூருக்கு வந்து, யாரோ போலப் பந்தலுக்கு வெளியே நின்று பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள். இதையெல்லாம் அவள் டீ ஆறுவதற்குள் சொல்லி முடித்துவிட்டாள்.

அப்படிச் சத்தியம் பண்ணிவிட்டு மூன்று தடவை என் வீட்டு வாசலில் எப்படி வந்து நின்றாய் என்று தனுஷ்கோடி கேட்டார். அவளை அவர் நீ என்று சொன்னது அதுதான் முதல் தரம்.

"பிள்ளையக் கேக்கலியே அண்ணே" என்றாள் அவள். "பொண்ணுதான கேட்டோம்."